பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புகள்: எந்த நிலையில் சேர்வது, எதை எதிர்பார்ப்பது

ஊர் திரும்பிய குடும்பங்களைச் சந்திக்கும்போது, காணி, வீடு, கிணறு, வாழ்வாதாரம் பற்றிய கேள்விகளுக்கு அடுத்ததாக எமது வெளிக்கள அலுவலர்களிடம் அடிக்கடி கேட்கப்படுவது ஆங்கில வகுப்புப் பற்றிய கேள்வி. பிள்ளையின் பாடத்தைப் பார்க்கத் தெரியவில்லை என்று தாய்மார் சொல்கிறார்கள். வேலைக்குப் போனால் ஆங்கிலம் தெரியுமா என்று கேட்கிறார்கள் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் படிப்பை இடையில் விட்டவர்கள், இந்த வயதில் தங்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று தயங்கிக் கேட்கிறார்கள். இவற்றுக்கு இக்கட்டுரையில் பதில் தருகிறோம்.

உரிமைகளைப் பெற ஆங்கிலம் தேவையில்லை

வகுப்பைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரச அலுவலகத்தில் உங்கள் காரியத்தை முடிக்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழி என்றும் அது குறிப்பிடுகிறது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ். ஆகவே பிரதேச செயலகத்துக்கோ, காணி அலுவலகத்துக்கோ நீங்கள் தமிழில் கடிதம் எழுதலாம். தமிழில் பதிலும் பெறலாம். வேறு மாகாணங்களில் உள்ள அரச அலுவலகங்களுடனும் தமிழில் தொடர்புகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

எனவே, ஆங்கிலத்தில் எழுதினால்தான் காரியம் நடக்கும் என்று யாராவது சொல்லிக் கடிதம் எழுதப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். விளங்காத மொழியில் ஒரு படிவம் தரப்பட்டால் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முழுவதையும் வாசித்து விளக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையொப்பம் இடுங்கள். எந்த அலுவலகத்துக்கு எந்த ஆவணத்துடன் போக வேண்டும் என்பதை அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற தொலைபேசி இலக்கத்தில் தமிழிலேயே கேட்கலாம். மொழி உரிமை மறுக்கப்பட்டால், 1991ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

அப்படியானால் ஆங்கிலம் எங்கே உதவும்?

மருந்து. அரச வைத்தியசாலையில் தரும் மருந்துப் பையில் ‘பீ.டீ.’, ‘ரீ.டீ.எஸ்.’, ‘மானே’, ‘நொக்டே’ என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இவை இலத்தீன் மொழிச் சுருக்கங்கள்; ஆங்கிலம் படித்தவருக்கும் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். ‘பீ.டீ.’ என்றால் நாளுக்கு இரண்டு முறை. ‘ரீ.டீ.எஸ்.’ என்றால் மூன்று முறை. ‘மானே’ காலையில், ‘நொக்டே’ இரவில். மருந்துப் பெட்டியில் ‘ஈ.எக்ஸ்.பீ.’ என்ற மூன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள மாதமும் ஆண்டும் காலாவதியாகும் திகதி. இவற்றை முதல் நிலை வகுப்பிலேயே கற்பிக்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மருந்தாளரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஊகித்து மருந்து கொடுக்க வேண்டாம்.

கடன் பத்திரங்கள். குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் தரும் ஒப்பந்தங்கள் சில ஆங்கிலத்தில் இருக்கின்றன. வட்டி, தவணை, தாமதக் கட்டணம், பிணையாளி ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை அடையாளம் காணத் தெரிந்தாலே, எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அயலவர் ஒருவரின் கடனுக்குச் சாட்சியாகக் கையொப்பம் இடுவதாக நினைத்துப் பிணையாளியாகக் கையொப்பம் இட்டால், அவர் கட்டாத பணம் உங்கள் தலையில் விழும்.

பெயர். பிறப்புச் சான்றிதழில் தமிழில் உள்ள உங்கள் பெயர் கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், முகாம் பதிவு, தமிழ்நாட்டில் பெற்ற ஆவணங்கள் ஆகியவற்றில் ஆங்கிலத்தில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். ‘த’ என்ற ஓர் எழுத்தை ஒரு அலுவலர் ‘ரீ’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவார். இன்னொருவர் ‘டீ’ என்ற ஒரே எழுத்தால் எழுதுவார். ‘வ’வுக்கு ஒருவர் ‘வீ’ போடுவார். மற்றவர் ‘டபிள்யூ’ போடுவார். பின்னர் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்க அலைய வேண்டி வரும். பிள்ளைகளின் ஆவணங்களிலும் இதே சிக்கல் தொடரும். உங்கள் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் எப்போதும் ஒரே விதமாக எழுதவும், பிறர் எழுதும்போது பார்த்துத் திருத்தவும் பழகுவதுதான் எமது வகுப்பின் முதற் பாடம்.

வேலையும் பிள்ளைகளின் படிப்பும். கடை, வங்கி, விருந்தினர் விடுதி, கணினி சார்ந்த வேலைகளில் ஆங்கிலம் எதிர்பார்க்கப்படுகிறது. பாடசாலையில் ஆங்கிலம் 3ஆம் தரத்திலிருந்து பாடநூலுடன் கற்பிக்கப்படுகிறது, க.பொ.த. சாதாரண தரத்தில் அது கட்டாய பாடம். தாய் தகப்பனுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்கக்கூடிய அளவு தெரிந்தாலே பிள்ளைக்குத் துணிவு வரும்.

முக்கிய எச்சரிக்கை: எழுத்துப் படிக்கும் ஆர்வத்தில், காணியிலோ காட்டோரத்திலோ கிடக்கும் உலோகப் பொருட்களில் உள்ள எழுத்துகளைப் பார்க்கவென்று கிட்டப் போக வேண்டாம். வெடிக்காத வெடிபொருட்களிலும் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆங்கிலமா, சிங்களமா?

பலர் கேட்கும் இக்கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. மரக்கறியைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றுபவருக்கும், தெற்கிலிருந்து வரும் வியாபாரிகளோடு மீன் விலை பேசுபவருக்கும் சிங்களமே முதலில் உதவும். வைத்தியசாலை, வங்கி, கணினி, உயர்கல்வி, வெளிநாட்டு உறவினர் என்று போகிறவருக்கு ஆங்கிலம் உதவும். இரண்டையும் ஒரே காலத்தில் தொடங்கினால் இரண்டும் பாதியில் நிற்பதையே பெரும்பாலும் காண்கிறோம். அடுத்த ஆறு மாதத்தில் எந்த மொழியை யாரோடு பேசப் போகிறீர்கள் என்று யோசித்துப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

வகுப்புகள் ஏன் நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன?

எழுத்தே தெரியாத ஒருவரையும் சாதாரண தரம் வரை படித்த ஒருவரையும் ஒரே வாங்கில் இருத்தினால், முதலாமவர் வெட்கப்பட்டு நின்றுவிடுவார். இரண்டாமவர் சலித்துப்போய் நின்றுவிடுவார். அதனால் பின்வரும் நிலைகளாகப் பிரித்திருக்கிறோம்.

ஆயத்த நிலை. தமிழில் வாசிக்க, எழுதச் சிரமப்படுபவர்களுக்கு. இவர்கள் முதலில் தமிழ் எழுத்தறிவு வகுப்பில் சேர்வதே நல்லது. ஒரு மொழியில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவருக்கு அடுத்த மொழியின் எழுத்துகள் விரைவில் பிடிபடும். இந்த நிலையில் சேர்வது பின்தங்குவது ஆகாது, அத்திவாரம் போடுவது. விரும்பினால் ஆங்கிலத்தில் பேச்சுப் பயிற்சியில் மட்டும் கலந்துகொள்ளலாம்.

முதலாம் நிலை. தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கில எழுத்துகள் தெரியாது, அல்லது மறந்துவிட்டன என்பவர்களுக்கு. 26 எழுத்துகளின் பெரிய, சிறிய வடிவங்கள், சொந்தப் பெயர், முகவரி, இலக்கங்கள், திகதி, மருந்துப் பை, பஸ் பலகை, கைத்தொலைபேசித் திரையில் வரும் சொற்கள் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாம் நிலை. எழுத்துக் கூட்டி வாசிப்பார், ஆனால் பேச வராது என்பவர்களுக்கு. தன்னை அறிமுகம் செய்தல், விலை கேட்டல், வைத்தியரிடம் நோயைச் சொல்லுதல், தொலைபேசியில் பதில் சொல்லுதல், சிறிய படிவங்களை நிரப்புதல் ஆகியவற்றில் பயிற்சி பெறுவீர்கள்.

மூன்றாம் நிலை. சாதாரண தரம் வரை படித்தவர்களுக்கு, அல்லது இரண்டாம் நிலையை முடித்தவர்களுக்கு. வேலை விண்ணப்பம், நேர்முகப் பரீட்சை, கடிதம், மின்னஞ்சல், பத்திரிகைச் செய்தி வாசிப்பு, பரீட்சை ஆயத்தம் ஆகியவை இதில் உள்ளன.

உங்கள் நிலையை அறிய எழுத்துப் பரீட்சை எதுவும் வைக்கமாட்டோம். ஆசிரியர் உங்களோடு பத்து நிமிடம் பேசுவார். ஒரு மருந்துப் பையையும் ஒரு படிவத்தையும் காட்டி, தெரிந்ததைச் சொல்லச் சொல்வார். அவ்வளவுதான். சேர்ந்த பிறகு பாடம் அதிகம் கடினமாகவோ இலகுவாகவோ இருந்தால் முதல் நான்கு வாரத்துக்குள் நிலையை மாற்றிக்கொள்ளலாம். கணவனும் மனைவியும், தாயும் மகளும் வெவ்வேறு நிலைகளில் இருப்பது சாதாரணம். துணைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக ஒரே நிலையில் சேர வேண்டாம். வெவ்வேறு நிலை வகுப்புகளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்தான் நடைபெறும்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

முப்பது நாளில் ஆங்கிலம் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகோலில் மொழித்திறன் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பல நாடுகளில் இதையே பயன்படுத்துகிறார்கள். ஆசிரியரோடு படிக்கும் நேரமாகக் கணக்கிட்டால், எளிய அறிமுகப் பேச்சு நிலையான ஏ1க்கு ஏறத்தாழ 90 முதல் 100 மணித்தியாலங்களும், ஏ2க்கு மொத்தம் 180 முதல் 200 வரையும், வேலைத்தலத்தில் ஓரளவு சமாளிக்கக்கூடிய பி1க்கு மொத்தம் 350 முதல் 400 வரையும் தேவைப்படும் என்பது பொதுவான மதிப்பீடு.

எமது வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம். அதாவது வாரத்துக்கு 4 மணித்தியாலம். இந்தக் கணக்கில் 100 மணித்தியாலத்துக்கு 25 வாரம், அதாவது ஆறு மாதம். ஏ2 நிலைக்கு ஏறத்தாழ ஒரு வருடம்; பி1க்கு இரண்டு வருடம். எழுத்திலிருந்து தொடங்குபவருக்கு இன்னும் சிறிது காலம் கூடும். வீட்டில் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பார்த்தால் காலம் குறையும். மூன்று மாதத்தில் பேச வரவில்லை என்று மனம் தளர வேண்டாம். அந்த மூன்று மாதத்தில் மருந்துப் பையைப் படிக்கவும் பெயரைப் பிழையின்றி எழுதவும் கற்றிருப்பீர்கள்.

தமிழ் பேசுபவர்களுக்குச் சிரமம் தரும் இடங்கள்

சில பிழைகள் எல்லோருக்கும் வரும். அவற்றின் காரணம் தெரிந்தால் வெட்கம் குறையும்.

தமிழில் ‘ப’ என்ற ஓர் எழுத்தே இரண்டு ஒலிகளுக்கும் நிற்கிறது. ஆங்கிலத்தில் அவற்றுக்கு வெவ்வேறு எழுத்துகள். கடையில் தரும் பற்றுச்சீட்டும் ‘பில்’, விழுங்கும் மாத்திரையும் ‘பில்’ என்றே தமிழில் எழுதுவோம். ஆங்கிலத்தில் முன்னது ‘பம்பரம்’ என்ற சொல்லின் இரண்டாவது பகரத்தைப் போலவும், பின்னது முதலாவது பகரத்தைப் போலவும் ஒலிக்க வேண்டும். ‘க’, ‘த’, ‘ட’ ஆகியவற்றிலும் இதே நிலைதான்.

‘ஃபோர்டீன்’ என்றால் 14. ‘ஃபோர்டி’ என்றால் 40. கடைசி ஒலியை விழுங்கிவிட்டால் விலை மாறிவிடும். பணம் பேசும்போது இலக்கத்தை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும்: ‘நான் தண்ணீர் குடிக்கிறேன்’. ஆங்கிலத்தில் அது நடுவில் வரும்: ‘நான் குடிக்கிறேன் தண்ணீர்’ என்பது போல. ‘வந்தேன்’ என்று சொன்னாலே வந்தது நான் என்பது தமிழில் விளங்கும். ஆங்கிலத்தில் ‘நான்’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வேறு விதமான ஒழுங்குக்கு நாக்கைப் பழக்குவதற்குச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் வகுப்பில் எழுதும் நேரத்தைவிடப் பேசும் நேரம் கூடுதலாக இருக்கும்.

வரவிடாமல் தடுக்கும் காரணங்கள்

பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை: சிறு பிள்ளைகளோடு வரலாம். வகுப்பு நடக்கும் சனசமூக நிலையத்திலோ பாடசாலையிலோ பிள்ளைகளைக் கவனிக்க ஒரு தொண்டர் இருப்பார். குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள் நேரத்தை முன்கூட்டியே தெரிவித்தால், அதற்கேற்ப வகுப்பு நேரத்தை ஒழுங்கு செய்ய முயல்வோம். மாலை வகுப்புகள் பொழுது படுமுன் முடிவடையும்.

வயல் வேலை: காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் வகுப்புக்கு வர முடியாது என்பது எமக்குத் தெரியும். அவ்வாரங்களில் பாடங்கள் குறைக்கப்பட்டு, பின்னர் ஈடுசெய்யப்படும். சில வகுப்புகளைத் தவறவிட்டதால் எவரும் நீக்கப்படமாட்டார்.

கண்ணும் காதும்: நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கிட்டத்து எழுத்து மங்கலாகத் தெரிவது வழமை. தலையில் ஏறவில்லை என்று பலர் நினைப்பது உண்மையில் கண்ணாடி இல்லாத குறையாக இருக்கும். அரச வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குண்டு வெடிப்பினால் காது பாதிக்கப்பட்டவர்கள் ஆசிரியரிடம் சொல்லி முன்வரிசையில் இருந்துகொள்ளலாம்.

மனம் பதியவில்லை: இழப்புகளையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தவர்களுக்கு நித்திரைக் குறைவும் மறதியும் கவனச் சிதறலும் இருக்கலாம். இது உங்கள் அறிவுக் குறைவு அல்ல. அவசரப்படாமல் வாருங்கள், சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனாலும் பரவாயில்லை. தொந்தரவு அதிகமாக இருந்தால் வகுப்பாசிரியரிடமோ உளசமூகப் பணியாளரிடமோ சொல்லுங்கள். எவருடைய கடந்த காலத்தைப் பற்றியும் வகுப்பில் விசாரிக்கமாட்டோம். குடும்பத்தினரை அறிமுகம் செய்யும் பாடத்தில்கூட, சொல்ல விரும்பியவர் மட்டும் சொன்னால் போதும்.

வகுப்புக்குப் பிறகு

எமது வகுப்பின் முடிவில் தரப்படுவது கலந்துகொண்டமைக்கான சான்றிதழ் மட்டுமே. அது அரச அங்கீகாரம் பெற்ற கல்வித் தகைமை அல்ல. தகைமை வேண்டுவோருக்கு வேறு வழிகள் உண்டு.

சாதாரண தரத்தை இடையில் விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம், வயது தடையல்ல. பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும் அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் தச்சு, மின்னிணைப்பு, தையல், கணினி போன்ற பயிற்சிகளைப் பெற்றுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். இது 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள் தமது திறமையைக் காட்டியும் இத்தகைமைக்கு விண்ணப்பிக்கலாம். உயர்தரம் படித்தவர்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா பற்றி விசாரிக்கலாம்.

ஏமாறாமல் இருங்கள்

தனியார் நிறுவனத்தில் பணம் கட்டுமுன், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம். கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஆங்கிலம் படித்தால் வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று சொல்லும் முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பணியகத்திலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஐக்கிய இராச்சியத்தில் உள்ள கணவரிடமோ மனைவியிடமோ செல்ல விண்ணப்பிப்பவர்கள் பொதுவாக ஏ1 நிலையிலாவது பேசுதல், கேட்டல் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும். அதையும் அந்நாட்டு அரசு அங்கீகரித்த நிலையத்திலேயே எழுத வேண்டும். பரீட்சை எழுதாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்பவர் தருவது போலிச் சான்றிதழ். அதைக் கொடுத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பிற்கால விண்ணப்பங்களும் பாதிக்கப்படும்.

பதிவு செய்வது எப்படி?

பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் சேரலாம். கட்டணம் இல்லை. கொப்பியும் பேனையும் வகுப்பில் தரப்படும். அடையாள அட்டை தொலைந்திருந்தாலும், பிறப்புச் சான்றிதழ் இன்னும் கிடைக்காதிருந்தாலும் வகுப்பில் சேரத் தடையில்லை. உங்கள் கிராமத்துக்கு வரும் எமது வெளிக்கள அலுவலரிடமோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பெயரைக் கொடுங்கள். வகுப்பு நடக்கும் இடமும் நாளும் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டப்படும்.

இரண்டு விடயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சேர்வதற்கும் வீட்டுத்திட்டம், உலர் உணவு, வாழ்வாதார உதவி ஆகியவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சேர்ந்ததால் உதவி கூடவும் மாட்டாது, சேராததால் குறையவும் மாட்டாது. பதிவுக்கென்று எமது ஊழியரோ வேறெவருமோ பணம் கேட்டால், அலுவலகத்தில் உள்ள முறைப்பாட்டுப் பெட்டியில் பெயர் குறிப்பிடாமலே எழுதிப் போடலாம்.

வகுப்புத் தொடங்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் பிள்ளையின் 3ஆம் தர ஆங்கிலப் பாடநூல் வீட்டில் இருக்கும். இன்றிரவு அதன் முதற்பக்கத்தைத் திறந்து, பிள்ளையை உங்களுக்குப் படிப்பிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பயிற்சி. முதல் நாள் வரும்போது உங்கள் வீட்டில் உள்ள மருந்துப் பை ஒன்றையும், ஆங்கிலத்தில் பெயர் எழுதிய ஏதாவது ஓர் ஆவணத்தின் பிரதியையும் கொண்டு வாருங்கள். முதற் பாடத்தை அவற்றிலிருந்தே தொடங்குவோம்.